ஒட்சிசன் காணும். எஞ்சினை நிறுத்துங்கள்.



நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் கடைசிப் பகுதியை மட்டும் வாசித்துவிட்டுப் போகலாம். ஆனால் பாடசாலை கேட்டில் வேனையோ காரையோ ஸ்டார்ட்டில் வைத்துக்கொண்டு பிள்ளைக்காகக் காத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள். இது உங்களுக்குத்தான்.

போன கிழமை ஒரு தாய் என்னைச் சந்திக்க வந்தார். மகன் தரம் 8. கெட்டிக்காரப் பிள்ளை. ஆனால் மாதத்தில் நாலைந்து நாள் பாடசாலைக்கு வரமாட்டான். முட்டு வருத்தம். புத்தகப் பையில் கொம்பாஸ் பெட்டிக்குப் பக்கத்தில் இன்ஹேலர் இருக்கும். இடைவேளையில் மற்றப் பிள்ளைகள் ஓடி விளையாட, இவன் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான்.

“டீச்சர், கொட்டாஞ்சேனையில பிள்ளைக்கு ஒட்சிசன் காணாது. அவன்ர மாமா நுவரெலியாவில இருக்கிறார். அங்க ஒரு பள்ளிக்கூடத்தில சேர்ப்பம் எண்டு பார்க்கிறம். விடுகைப் பத்திரம் எடுக்கத்தான் வந்தனான்” என்றார்.

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது அவருக்கு. பதின்மூன்று வயதுப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து அனுப்பப் போகிறார்கள். காரணம் கேட்டால், ஒட்சிசன்.

நான் அந்தத் தாயைக் குறை சொல்ல மாட்டேன். “ஒட்சிசன் காணாது” என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? நாங்கள்தான். விஞ்ஞான ஆசிரியர்களாகிய நாங்கள், எங்கள் சுவரொட்டிகள், எங்கள் சுற்றாடல் தினப் பேச்சுகள், உங்கள் வாட்ஸப் குழுமங்கள். எல்லோருமாகச் சேர்ந்து ஒரு பொய்யைப் பரப்பிவிட்டு, உண்மையான பிரச்சினையைக் கேட்டுக்கு வெளியே ஸ்டார்ட்டில் விட்டிருக்கிறோம்.

முதலில் அந்தப் பொய்யை முடிப்போம்.

வளியின் அமைப்பு எல்லோருக்கும் பாடம். உலர் வளியில் கனவளவின்படி நைதரசன் 78 சதவீதம், ஒட்சிசன் ஏறத்தாழ 21, ஆகன் 0.93, காபனீரொட்சைட்டு 0.04. நான் படிக்கும்போது இந்தக் கடைசி எண் 0.03. இன்று என் மாணவர்கள் 0.04 என்று எழுதுகிறார்கள். ஒரு தலைமுறைக்குள் பாடநூலின் எண் மாறிவிட்டது, யாரும் அதைப் பற்றி வகுப்பில் ஒரு நிமிடம்கூட நின்று பேசுவதில்லை. அது தனிக் கவலை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இன்றைக்கு ஒட்சிசனை எடுப்போம். கொட்டாஞ்சேனையிலும் 21 சதவீதம்தான். வெள்ளவத்தைக் கடற்கரையிலும் அதேதான். சிங்கராஜக் காட்டுக்குள்ளும் அதேதான். வளிமண்டலத்தில் இருக்கும் ஒட்சிசன் கோடிக்கணக்கான வருடங்களாகச் சேர்ந்த இருப்பு. உலகத்தில் உள்ள மரம் செடி எல்லாம் ஒரு வருடம் வேலைநிறுத்தம் செய்தாலும் மூச்சில் நாம் உணரும் அளவுக்கு அது குறையாது. அந்த மாதிரி வருடம் வந்தால் நாம் பசியால்தான் சாவோம், மூச்சு முட்டி அல்ல.

நுவரெலியாவுக்கு வருவோம். அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வளியமுக்கம் கொழும்பில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. சதவீதம் அதே 21 என்றாலும், ஒரு மூச்சில் உள்ளே போகும் ஒட்சிசன் கொழும்பைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒட்சிசன் தேடிப் பிள்ளையை அனுப்புகிற இடத்தில் ஒட்சிசன் குறைவாக இருக்கிறது! அங்கே அவனுக்கு மூச்சு இலேசாக வந்தால், அது ஒட்சிசன் கூடியதால் அல்ல. கொட்டாஞ்சேனையில் வளியோடு சேர்ந்திருக்கும் வேறு ஏதோ ஒன்று அங்கே குறைந்திருப்பதால்.

அந்த “வேறு ஏதோ ஒன்று” என்ன? நாங்கள் கரும்பலகையில் வளியின் அமைப்பை எழுதும்போது கடைசி வரியில் “ஏனைய வாயுக்கள்” என்று ஒன்று போடுவோமே, அதற்குள்தான் இருக்கிறது. பரீட்சையில் அதற்குப் புள்ளி கிடையாது. பிள்ளையின் நெஞ்சுக்குள் அதற்குத்தான் வேலை.

இப்போது நைதரசன்.

நைதரசனைப் பற்றி நாங்கள் என்ன சொல்லிக் கொடுக்கிறோம்? சோம்பேறி வாயு. எதனோடும் இலகுவில் தாக்கமடையாது. இரண்டு நைதரசன் அணுக்கள் மும்மைப் பிணைப்பால் இறுக்கமாகக் கட்டுண்டிருக்கின்றன. எல்லாம் சரி. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போய், ஒன்றும் செய்யாமல் திரும்பி வருகிறது. மின்னலின் சூட்டில் மட்டும் ஒட்சிசனோடு சேரும் என்று நைதரசன் வட்டத்தில் ஒரு வரி சொல்லிவிட்டுக் கடந்துபோகிறோம்.

1785இல் இங்கிலாந்தில் ஹென்றி கவெண்டிஷ் என்பவர் இதை ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் செய்து காட்டினார். வளியோடு மேலதிக ஒட்சிசனைச் சேர்த்து, அதற்குள் மின்பொறியைத் திரும்பத் திரும்பப் பாய்ச்சினார். சோம்பேறி நைதரசன் ஒட்சிசனோடு சேர்ந்தது. உண்டான ஒட்சைட்டுகளைக் காரக் கரைசல் உறிஞ்சிக்கொண்டது. எவ்வளவு பொறி பாய்ச்சியும் ஒரு சின்னக் குமிழி மட்டும் மிஞ்சியது. எடுத்த நைதரசனில் 120இல் ஒரு பங்குக்கு மேல் அது இல்லை என்று எழுதி வைத்தார். 109 வருடம் கழித்து, 1894இல், ரேலியும் ராம்சேயும் ஆகனைக் கண்டறிந்தார்கள். கவெண்டிஷ் விட்டுவைத்த குமிழி அதுதான்.

ஆகனின் கதையாக இதைச் சொல்லுவோம். நானும் அப்படித்தான் பல வருடம் சொன்னேன். ஆனால் அந்தக் குழாயை மறுபடி பாருங்கள். வளி, ஒரு மூடிய அறை, ஒரு மின்பொறி, கடும் சூடு. இதை இன்று எங்கே பார்க்கிறோம்? உங்கள் பெற்றோல் எஞ்சினின் சிலிண்டருக்குள். டீசல் எஞ்சினில் பொறி இல்லை, அமுக்கமும் சூடும் அந்த வேலையைச் செய்கின்றன. எரியும்போது உள்ளே வெப்பநிலை 2,000 பாகை செல்சியசையும் தாண்டும். எரிபொருள் எரிவது ஒரு பக்கம். மறுபக்கம், உறிஞ்சிய வளியில் இருந்த அப்பாவி நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நைத்திரிக் ஒட்சைட்டாகி வெளியே வருகின்றன. வெளியில் அது இன்னும் ஒட்சிசனைச் சேர்த்துக்கொண்டு நைதரசனீரொட்சைட்டாகிறது.

கவனியுங்கள். இந்த நஞ்சு பெற்றோல் தாங்கியிலிருந்து வரவில்லை. எவ்வளவு தரமான எரிபொருள் அடித்தாலும் வரும். உங்கள் எஞ்சின் நம் எல்லோருடைய வளியையும் எடுத்து, அதிலிருந்தே நஞ்சைச் செய்து, பிள்ளையின் முகத்துக்கு நேரே திருப்பித் தருகிறது. பின்பக்கக் குழாயின் உயரமும் தரம் 1 பிள்ளையின் மூக்கின் உயரமும் எவ்வளவு கிட்ட இருக்கின்றன என்று ஒரு நாள் கேட்டில் நின்று பாருங்கள்.

நைதரசனீரொட்சைட்டு ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகும். சுவாசக் குழாயின் உட்பக்கம் முழுக்க ஈரம். அது அந்தக் குழாய்களை அழற்சியடையச் செய்யும், முட்டு உள்ள பிள்ளைக்கு முட்டைக் கிளப்பும், நெஞ்சுச் சளித் தொற்றுகளுக்கு வழி திறந்துவிடும். மதிய வெயில் வேறு. வெயில் பட்டால் அதிலிருந்து ஓர் ஒட்சிசன் அணு பிரிந்து, பக்கத்தில் இருக்கும் ஒட்சிசன் மூலக்கூறோடு சேர்ந்து ஓசோன் ஆகும். மேலே இருந்தால் குடை, மூக்குக்குள் வந்தால் காரம்.

“டீச்சர், அது மிகச் சின்ன அளவுதானே” என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். சின்ன அளவுதான். 2008ஆம் ஆண்டு வர்த்தமானியின்படி இலங்கையில் 24 மணித்தியால சராசரி எல்லை ஒரு கனமீற்றருக்கு 100 மைக்ரோகிராம். அதாவது நூறு கோடி மூலக்கூறுகளில் ஏறத்தாழ 50. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த எல்லை 25 மைக்ரோகிராம், நம்முடையதில் கால்வாசி. ஒட்சிசனை சதவீதத்தில் அளக்கிறோம், இதை நூறு கோடியில் எண்ணுகிறார்கள். ஏன் அப்படி எண்ணுகிறார்கள்? அந்த அளவிலேயே உடம்பைத் தாக்கும் என்பதால்தான்.

இதற்குப் பலியான ஒரு பிள்ளையின் பெயர் உலகத்துக்குத் தெரியும். எல்லா கிஸ்ஸி-டெப்ரா. லண்டனில் நெரிசலான ஒரு பெருவீதிக்கு அருகில் வாழ்ந்தவள். கடும் ஆஸ்துமா. 2013இல், 9 வயதில் இறந்தாள். அவளுடைய தாய் விடாமல் போராடினார். 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, காற்று மாசு அந்த மரணத்துக்கு ஒரு காரணம் என்று பதிவுசெய்தார். பிரித்தானியாவில் அப்படி ஒரு தீர்ப்பு அதுவே முதல் தடவை. வாகனங்களிலிருந்து வரும் நைதரசனீரொட்சைட்டின் பெயர் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. ஒட்சிசன் பற்றாக்குறை என்று யாரும் எழுதவில்லை.

இன்னொரு வாயு காபனோரொட்சைட்டு. நிறமில்லை, மணமில்லை. எரிபொருள் அரைகுறையாக எரிந்தால் வரும். குருதியின் ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். உண்மையிலேயே உடம்புக்கு ஒட்சிசன் கிடைக்காமல் செய்யும் வாயு இதுதான். காற்றில் 21 சதவீதம் ஒட்சிசன் இருக்க, குருதி அதை ஏற்ற முடியாமல் நிற்கும். 2022இல் மின்வெட்டு நேரத்தில் வீட்டுக்குள் ஜெனரேட்டர் ஓட்ட வேண்டாம் என்று நான் வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொன்னது இதற்காகத்தான்.

“எங்கட வேனுக்குப் புகைப் பரிசோதனை பாஸ்” என்று சொல்பவர்களுக்கு: அந்தப் பரிசோதனையில் பெற்றோல் வாகனத்தில் காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும் பார்க்கிறார்கள். டீசல் வாகனத்தில் புகையின் கறுப்பைப் பார்க்கிறார்கள். நைதரசன் ஒட்சைட்டுகளுக்கு அந்தத் தாளில் இடமே இல்லை. பாஸானது நல்லது. ஆனால் பரீட்சையில் வராத பாடத்தில் நீங்கள் பாஸ் என்று எப்படிச் சொல்வீர்கள்?

அடுத்த சாக்கு, “இதெல்லாம் இந்தியாவிலிருந்து வருகிற காற்று.” 2022 டிசம்பர் 8ஆம் திகதி கொழும்பு வானம் மங்கி, அடுத்த நாள் பாடசாலைகளையே மூடினார்கள், நினைவிருக்கும். அந்த நேரத்தில் வங்காள விரிகுடாவில் புயல் ஒன்று இருந்தது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் வடக்கிலிருந்து நுண்துகள்கள் வருவது உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் நுண்துகள் வேறு, நைதரசனீரொட்சைட்டு வேறு. இந்த வாயுவின் ஆயுள் மணித்தியாலக் கணக்குத்தான். டில்லியில் பிறந்தது கொட்டாஞ்சேனை வரைக்கும் வந்து சேராது. பாடசாலை கேட்டில் பிள்ளை சுவாசிப்பது பாடசாலை கேட்டில் பிறந்தது. காலி வீதியில் சுவாசிப்பது காலி வீதியில் பிறந்தது. கடவுச்சீட்டு எடுத்து வந்த வாயு அல்ல அது, நம்ம ஊர்ப் பிறப்பு.

சாட்சி வேண்டுமா? 2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு போட்டார்களே, அடுத்து வந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் காலி வீதிப் பக்கமிருந்தும் கடல் வாசம் வந்தது. அது வரைக்கும் கடல் எங்கே போயிருந்தது? அங்கேதான் இருந்தது. நடுவில் நாங்கள் நின்றோம்.

2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தபோது நைத்திரிக் அமிலம், அமில மழை என்று எல்லோரும் ஒரே நாளில் இரசாயனவியலாளர் ஆனோம். கறுப்புப் புகை கண்ணுக்குத் தெரிந்தது, பயந்தோம். தினமும் பகல் 1.30க்குக் கேட்டில் நடப்பது கண்ணுக்குத் தெரியவில்லை, ஆகவே ஏசியைக் கூட்டி வைத்துவிட்டு போனைப் பார்க்கிறோம்.

மரம் நடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கோபிக்க வேண்டாம். ஜூன் 5 வந்தால் பிள்ளைகள் மரத்திலிருந்து ஒட்சிசன் குமிழிகள் பறப்பதுபோல் படம் வரைகிறார்கள். அதிபர், அதிதி, ஆசிரியர்கள் எல்லோரும் ஒரு கன்றைச் சுற்றி நின்று போட்டோ எடுக்கிறோம். அதிதியின் வாகனம் வெளியே ஸ்டார்ட்டில் நிற்கிறது, அவர் திரும்பி ஏறும்போது குளிர் இருக்க வேண்டுமாம். மரம் நடுங்கள். நிழலுக்கு, தூசியைப் பிடிக்க, பறவைக்கு, மனசுக்கு நடுங்கள். ஆனால் கன்று நட்டுவிட்டால் எஞ்சினுக்குப் பாவமன்னிப்பு கிடைத்துவிடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது டியூஷன் வகுப்பு. இதைச் சொன்னால் எனக்கு எதிரிகள் கூடுவார்கள், பரவாயில்லை.

என் மகள் போகும் ஒரு வகுப்பில் (பெயர் வேண்டாம்) யன்னல்கள் எல்லாம் அடைத்து, ஏசி போட்டு, மூன்று மணித்தியாலம் பாடம். வீட்டுக்கு வந்தால் தலையிடி. “உள்ள ஒட்சிசன் இல்ல உம்மா” என்கிறாள், விஞ்ஞான டீச்சரின் மகள்! உட்கார வைத்துக் கணக்குப் போட்டோம். நீங்களும் போடுங்கள். 10 மீற்றர் நீளம், 8 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரம் உள்ள அறை. 240 கனமீற்றர். உள்ளே 80 பிள்ளைகள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 15 லீற்றர் காபனீரொட்சைட்டு வெளிவிடும். 80 பேரும் சேர்ந்து 1,200 லீற்றர். அறை முற்றாக அடைபட்டிருந்தால் ஒரு மணித்தியாலத்தில் 0.5 சதவீதம் கூடும். வெளிக் காற்றில் இருப்பதைப்போல் பத்து மடங்குக்கு மேல். ஒட்சிசன்? 21இலிருந்து ஏறத்தாழ 20.5க்கு இறங்கியிருக்கும், அவ்வளவுதான். கதவிடுக்கால் கொஞ்சம் காற்று வரும் என்று வைத்தாலும் கணக்கின் போக்கு மாறாது. கொட்டாவிக்கும் தலைப் பாரத்துக்கும் ஒட்சிசனைக் குற்றம் சொல்ல முடியாது. எண்பது பேரின் மூச்சு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றுகிறது. ஒருவரின் இருமல் எண்பது பேருக்கும் பங்கு. சுவரில் மாட்டும் ஏசி வெளிக் காற்றை உள்ளே எடுப்பதில்லை, இருக்கிற காற்றையே குளிராக்கித் திருப்பித் தருகிறது. இரண்டு யன்னலைத் திறந்தால் மின் கட்டணம் கூடும் என்பது எனக்கும் தெரியும். வாங்கும் கட்டணத்தில் அதற்கு இடமில்லையா?

இங்கேயும் கேட்டிலும் பாடம் ஒன்றுதான். காற்றில் எதுவும் குறைந்துவிடவில்லை. நாங்கள் கூட்டியிருக்கிறோம். குறைந்திருந்தால் எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும், மலைக்கு அனுப்ப வேண்டும், ஒட்சிசன் சிலிண்டர் வாங்க வேண்டும். கூட்டியிருந்தால் கூட்டுவதை நிறுத்தினால் போதும். முதலாவதை நம்பும்வரை குற்றவாளி யாருமில்லை. இரண்டாவதை ஏற்றுக்கொண்டால் சாவி நம் கையில் இருக்கிறது. அதனால்தான் முதலாவது பொய் நமக்கெல்லாம் இவ்வளவு இனிக்கிறது.

நான் சுத்தமானவள் என்று சொல்ல வரவில்லை. போன வருடம் வரைக்கும் மழை நாட்களில் என்னை ஏற்ற வரும் என் கணவரும் கேட்டுக்கு முன்னால் இருபது நிமிடம் ஏசியோடு காத்திருப்பார். நான் உள்ளே தரம் 10க்கு நைதரசன் ஒட்சைட்டு எழுதிக்கொண்டிருப்பேன், அவர் வெளியே அதைச் செய்துகொண்டிருப்பார். ஒரு மாணவி யன்னலால் பார்த்துவிட்டு, “டீச்சர், அது உங்கட கார்தானே?” என்று கேட்டாள். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இந்தப் பதிவை எழுத வைத்தது என்றே சொல்லலாம்.

பாதையில் கிடக்கும் நோவினை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் ஒரு பகுதி என்று சின்ன வயதில் மத்ரஸாவில் படித்தோம். முள்ளும் கல்லும் மட்டும்தானா நோவினை? பாதையில் நஞ்சை வைத்துவிட்டு உள்ளே பள்ளிவாசலுக்குத் தொழப் போகிறோம், கோயிலுக்குப் போகிறோம், செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக்குப் போகிறோம். எல்லாருடைய வாகனமும் வெளியே ஒரே மாதிரித்தான் நிற்கிறது. இதில் மட்டும் நம்மிடம் இன ஒற்றுமைக்குக் குறைவில்லை.

ஒரு வேன் ஓட்டும் நானா சொன்னார், “டீச்சர், ஏசி போடாட்டி புள்ளைகள் கத்துதுகள், வெயில் தாங்கேலாது.” நியாயமான பேச்சு. அவருக்கு நான் சொன்ன பதில் இது: மணி 1.30க்குத்தான் அடிக்கும். 12.45க்கு வந்து இடம் பிடித்து நிற்கும் முக்கால் மணித்தியாலத்தில் வேனுக்குள் பிள்ளை ஒன்றுமில்லை, நீங்கள் மட்டும்தான். அந்த நேரம் நிறுத்துங்கள், கதவைத் திறந்து வையுங்கள். பிள்ளைகள் ஏறி, வேன் புறப்படும்போது ஏசியைப் போடுங்கள். டீசலும் மிச்சம். 2022இல் அந்த டீசலுக்காக எத்தனை நாள் வரிசையில் நின்றீர்கள் என்பதை மறந்துவிட்டீர்களா? சிரித்துவிட்டு, சரி டீச்சர் என்றார். அடுத்த நாள் அவருடைய வேன் மட்டும் சத்தமில்லாமல் நின்றது.

அரசாங்கம் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. புகைப் பரிசோதனையில் நைதரசன் ஒட்சைட்டுகளைச் சேர்க்க வேண்டும். 2008இன் எல்லைகளை மறுபடி பார்க்க வேண்டும். பாடசாலைகளுக்கு அருகில் காற்றை அளந்து, அந்த அளவைப் பெற்றோருக்குத் தெரியும்படி வைக்க வேண்டும். 2002இல் ஈயம் சேர்த்த பெற்றோலை நிறுத்த முடிந்த நாடு இது. முடியாதது ஒன்றுமில்லை. கேட்போம், எழுதுவோம். ஆனால் அது வரைக்கும் சாவியைத் திருப்ப வர்த்தமானி தேவையில்லை.

ஆகவே கேட்பது மூன்றுதான்.

பெற்றோரும் வேன் ஓட்டுநர்களும்: கேட்டுக்கு வந்தவுடன் எஞ்சினை நிறுத்துங்கள்.

டியூஷன் நடத்துபவர்கள்: இரண்டு யன்னலையாவது திறந்து வையுங்கள். ஒவ்வொரு மணித்தியாலமும் பத்து நிமிடம் பிள்ளைகளை வெளியே விடுங்கள்.

என் சக விஞ்ஞான ஆசிரியர்கள்: அடுத்த முறை வளியின் அமைப்பை எழுதும்போது “ஏனைய வாயுக்கள்” என்ற கடைசி வரியில் நில்லுங்கள். அன்றைக்குப் பாடம் அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். பரீட்சைக்கு வராது. பரவாயில்லை.

அந்தத் தாயிடம் இதையெல்லாம் முழுவதுமாகச் சொல்ல முடியவில்லை. மருந்தை விடாமல் கொடுங்கள், டொக்டரிடம் கேட்காமல் முடிவெடுக்க வேண்டாம், குளிர் காற்றே சில பிள்ளைகளுக்கு முட்டைக் கூட்டும் என்று மட்டும் சொன்னேன். கேட்டில் எஞ்சின்கள் நின்றால் மட்டும் அவனுடைய வருத்தம் மாறிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. பேசிக்கொண்டிருந்தபோது வெளியே பதினொரு வாகனங்கள் ஸ்டார்ட்டில் நின்றன. எண்ணிப் பார்த்தேன். அவர் வந்த முச்சக்கர வண்டியும் அதில் ஒன்று.

விடுகைப் பத்திரத்துக்கான விண்ணப்பம் அலுவலக மேசையில் இருக்கிறது. யோசித்துவிட்டுத் திங்கட்கிழமை வருகிறேன் என்று போயிருக்கிறார். அவர் வரும்போது அந்தப் பதினொன்று பத்தாகவாவது இருக்கட்டும்.

பகிர விரும்புபவர்கள் பகிருங்கள். குறிப்பாக உங்கள் பிள்ளையின் வகுப்பு வாட்ஸப் குழுமத்தில்.